சிவந்த கருவாடு

நேயர்களிடம் இவ்வாரம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நியாயம். குற்றம் நம்முடையது, நஷ்டம் வேறொருவருடையது.

மில்லர்புரத்தில் நம் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் கருவாட்டுக் கூடை சுமந்து வரும் ஆச்சி ஒருவர் உண்டு. கடற்கரையில் மீன் மலிந்த நாளில் வாங்கி, தம் வீட்டு முற்றத்துத் தொட்டியில் உப்பிட்டு, வெயிலில் உலர்த்தித் தெருத் தெருவாக விற்பது அவர் பிழைப்பு. மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். ஒரு நாள் காலையில் அவர் கூடையை நம் திண்ணையில் இறக்கி, கட்டாக் கருவாடு ஒன்றை எடுத்து நீட்டினார். அதன் விலாப்புறத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய பூச்சு ஒன்று படர்ந்திருந்தது.

“வாத்தியாரய்யா, இது என்ன சீக்குன்னு பாருங்க. குங்குமத்தைத் தடவினாப்பல இருக்கு.”

பார்த்தோம். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பும் வழங்கினோம். “உப்புப் போதவில்லை, ஆச்சி. இன்னும் தாராளமாகப் போடுங்கள், சரியாய்ப் போகும்” என்றோம். உப்பிட்ட பண்டம் கெடாது என்று இருபது வருஷமாகப் பாடம் சொல்லிப் பழகிய நாக்கு, யோசிப்பதற்கு ஏன் காத்திருக்கப் போகிறது?

எட்டாம் நாள் ஆச்சி வந்தார். தலையில் கூடை இல்லை.

“அளத்திலேருந்து புது உப்பா ரெண்டு மரக்கால் வாங்கிப் போட்டேன், ஐயா. அது இன்னும்லா செவந்து போச்சு. நாத்தம் வேற. எல்லாத்தையும் கொட்டிட்டேன்.”

அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு தொட்டி மீன் என்பது அவருக்கு ஒரு மாதத்து முதல். அன்று மாலையே, இருபது வருஷமாகப் படிக்காமல் பாடம் சொன்ன விஷயத்தைப் படிக்க உட்கார்ந்தோம். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிருமி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு வாந்திபேதியும் விஷஜுரமுமே நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் என்றால் அவை யாவும் நம்மைக் கொல்வதற்காகவே படைக்கப்பட்டவை என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. உண்மை என்னவெனில், நோய் தருபவை அவற்றுள் மிகச் சிறுபான்மை. இரவில் அரைத்துவைத்த இட்லி மாவு விடியற்காலையில் பானையை விட்டுப் பொங்கி வழிகிறதே, அது யார் செய்த வேலை? உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வந்த நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரைச் சத்தை உண்டு, புளிப்பையும் கரியமில வாயுவையும் வெளியிடுகின்றன. அந்த வாயுதான் மாவைத் தூக்கி நிறுத்துகிறது. அவற்றுள் முதன்மையானதற்கு லூக்கோனோஸ்டாக் என்று பெயர். பெயர் வாயில் நுழையாவிட்டால் பாதகமில்லை. இட்லி நுழைந்தால் போதும். பாலைத் தயிராக்குவதும் இவற்றின் உறவினர்களே.

நமது ஊருக்குப் பெருமை தந்த முத்து விஷயத்திலும் இவற்றின் கைங்கரியம் உண்டு. சலாபத்தில் பரதவர் மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்து முத்துத் தேடினார்கள் என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. சிப்பிகளைக் குவித்து ஒரு வாரம், பத்து நாள் அழுகவிடுவார்கள். நுண்ணுயிர்களும் ஈப்புழுக்களும் சேர்ந்து தசையைக் கரைத்துவிடும். பிறகு கழுவி அலசினால் அடியில் முத்துத் தங்கும். அந்த நாற்றத்தை ஒரு முறை அறிந்தவர் ஆயுள் முழுதும் மறந்ததில்லையாம். அதே முகாம்களில் வாந்திபேதி தோன்றிக் கூட்டம் சிதறி ஓடிய வரலாறுகளும் உண்டு. ஒரே கடற்கரையில் ஒரு நுண்ணுயிர் கூலியில்லாமல் உழைத்தது. இன்னொன்று ஆளைக் கொன்றது. 1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிச் சலாபக் குளிப்பு நின்றுவிட்டபடியால் அந்த நாற்றமும் நின்றது.

இனி உப்புக்கு வருவோம். மாங்காய்த் துண்டத்தின்மேல் உப்பைத் தூவிச் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்வதை எல்லா வீட்டிலும் காணலாம். மாங்காயின் உள்ளே இருந்த நீரை வெளியே உள்ள உப்பு இழுத்துவிடுகிறது. நுண்ணுயிருக்கும் இதே கதிதான். அதன் உடல் என்பது மெல்லிய தோலுக்குள் அடங்கிய ஒரு துளி நீர். சுற்றிலும் உப்பு மிகுந்தால் உள்நீர் வெளியேறிவிடும், ஜீவனம் முடங்கிவிடும். ஊறுகாயும் கருவாடும் கெடாமலிருப்பது இந்தச் சூத்திரத்தால்தான். இவ்வளவு வரையில் நாம் பள்ளியில் சொல்லிவந்த பாடம் சரியே. பாடம் இதோடு முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் பிழை.

மில்லர்புரத்திலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கே சென்றாலும் தெற்கே சென்றாலும் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. உப்பு விளைச்சலில் நாட்டில் கூர்ஜரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. தமிழ்நாட்டில் முதலிடம் நம் ஜில்லாவுக்கு. கடலிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுத்த உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைப்பதே தொழில். நீரின் கனத்தை அளக்க, பிரெஞ்சு ரசாயனியான போமே என்பவர் வகுத்த மானியை இன்றும் உபயோகிக்கிறார்கள். அளத்தில் அதை வெறுமனே ‘டிகிரி’ என்பார்கள். சாதாரணக் கடல்நீர் 3½ டிகிரி. சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்ஸமும் அடியில் படியும். 25 டிகிரி எட்டியதும் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரி ஆனால் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீஷியத்தின் கசப்பு உப்பில் ஏறிவிடும்.

இந்தப் பிரயாணத்தை வரப்பின்மேல் நடந்தபடியே கண்ணால் பார்க்கலாம். முதல் பாத்திகளில் மீன் துள்ளும்; நீர் பச்சையாக இருக்கும். கனம் ஏற ஏற மீன் மறையும். அப்புறம் நெல்மணி அளவுள்ள ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சிகள் மல்லாந்து நீந்தும். அவற்றைத் தேடிப் பறவைகள் வரும். இன்னும் கனம் ஏறினால் அவையும் இல்லை. கடைசிப் பாத்தியில், வெள்ளை உப்பு விளையும் அந்த இடத்தில், கடும் வேனிலில் நீர் சிவந்து கிடக்கும். சில நாளில் இளஞ்சிவப்பு. சில நாளில் செம்மண்ணைக் கரைத்தாற்போல. ஏதோ ஆலைக் கழிவு கலந்துவிட்டது என்று பேசிக்கொள்வோர் உண்டு. நாமும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். அந்த நிறம் உயிரின் நிறம்.

வெளியே குறிப்பிட்ட பாத்திநீரை ஒரு சீசாவில் எடுத்துவந்து பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பின்கீழ் ஒரு துளி வைத்தோம். முதலில் தெரிந்தது முட்டை வடிவில் ஆரஞ்சு நிறமான உயிர். இரண்டு மெல்லிய சவுக்குகளை வீசிக்கொண்டு ஓடிற்று. அதன் பெயர் டுனாலியெல்லா. ஜாதியில் அது பச்சைப் பாசி. வெயிலும் உப்பும் மிஞ்சும்போது பச்சையை மறைக்கும்படி தன் உடலில் கரோட்டீன் என்னும் செந்நிறப் பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. காரட் கிழங்குக்கு நிறம் தருவது அதுவே. வெளியே உப்பு இழுக்கும் இழுப்பை எதிர்த்து நிற்க உள்ளே கிளிசரினைத் தயாரித்து நிரப்பிக்கொள்கிறது. கரோட்டீனுக்காகவே இதை ஆஸ்திரேலியாவில் குளம் குளமாக வளர்க்கிறார்கள். நம் அளத்தில் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அதற்குப் பின்னால், கூர்ந்து நோக்கினால் மட்டும் புலப்படும் பொடிப்பொடியான புள்ளிகள் ஆயிரம் ஆயிரமாய் நடுங்கிக்கொண்டிருந்தன. நிறத்தில் பெரும்பங்கு அவற்றுடையதே. உப்பு விளையும் பாத்தியில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு கோடி முதல் பத்துக் கோடி வரை இவை இருக்கும் என்பது உலகெங்கும் எண்ணிக் கண்ட கணக்கு. பாரத தேசத்து ஜனத்தொகை முழுவதையும் ஒரு குவளைச் சிவப்பு நீரில் குடியேற்றிவிடலாம்; ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

இவற்றுக்கு ‘ஹாலோபாக்டீரியம்’ என்று முன்னோர் பெயரிட்டனர். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இவை பாக்டீரியா அல்ல என்பது பிறகு தெரிந்தது. 1977இல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் ஊஸ் என்பவர், உயிருலகில் பாக்டீரியாவோடும் நம்மோடும் சேராத மூன்றாவது பெருங்குலம் ஒன்று உண்டென்று காட்டினார். ஆர்க்கியா என்னும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவை இவை. செத்த கடல் என்று வழங்கிவரும் பாலஸ்தீனத்துக் கடலில் ஓர் உயிரும் இல்லை என்றே உலகம் நம்பியிருந்தது. 1936இல் ஓர் இளம் ஆராய்ச்சியாளர் அந்நீரை எடுத்து வளர்த்துப் பார்த்து, அங்கேயும் உயிர் உண்டு என்று கண்டார். 1980இல் ஸினாய்ப் பிரதேசத்து உப்புக் குட்டையில் தபால் தலையைப் போல் தட்டையாய், சதுரமாய் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. சதுரத்தில் ஓர் உயிர்! பகவான் வட்டங்களை வரைந்து சலித்துப்போய் ஒரு நாள் கட்டம் போட்டுப் பார்த்தார் போலும்.

இவை உப்பில் பிழைக்கும் உபாயம் பாசியினுடையதைவிட விசித்திரமானது. உப்பு உப்பை இழுக்காதல்லவா? ஆகவே தம் உடலுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பை, வெளியே உள்ள கனத்துக்குச் சமமாக ஏற்றிக்கொள்கின்றன. உள்ளும் புறமும் ஒரே கனமானபடியால் நீர் வெளியேறுவதில்லை. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அவற்றின் உடலிலுள்ள ஒவ்வொரு புரதமும் உப்புச் செறிவிலே வேலை செய்வதற்கென்று அமைந்துவிட்டது. உப்புக் குறைந்தால் தோலே நிலைகுலைந்து உடல் வெடித்துவிடும். கடல்நீரின் கரிப்புக்கூட அவற்றுக்குப் போதாது. நமக்கு எது மரணமோ அது அவற்றுக்கு மூச்சு. நமக்கு எது ஜீவனோ அது அவற்றுக்கு விஷம்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றிற்று. கண்ணாடி வில்லையின் ஓரத்தில் நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டோம். தண்ணீர் உள்ளே பரவப் பரவ, நடுங்கிக்கொண்டிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முதலில் மங்கின, பிறகு இல்லை. கூட நின்ற மாணாக்கன், “எங்கே சார் போயிற்று?” என்று கேட்டான். நமக்கு அந்த க்ஷணத்தில் பதில் வரவில்லை. ஆச்சியின் தொட்டிதான் மனத்தில் வந்து நின்றது.

சிவப்பால் அளத்துக்காரருக்குத் தீங்கு என்று எண்ண வேண்டாம். தெளிந்த நீரைவிடச் சிவந்த நீர் சூரிய வெப்பத்தை அதிகமாக ஏற்று விரைவில் ஆவியாகிறது. உப்பும் விரைவில் விளைகிறது. கீழ்ப்பாத்திகளின் தரையில் படரும் நீலப்பச்சைப் பாசி, தோல் விரித்தாற்போல் மண்ணை மூடி, நீர் பூமிக்குள் கசிந்துபோகாமல் காக்கிறது. ஆனால் அந்தப் பாசியில் ஒரு வகை அளவுமீறிக் கொழகொழவென்று பெருகிவிட்டால் உப்பு மணி சிறுத்துப்போகும். எந்த நுண்ணுயிர் எந்தப் பாத்தியில் எவ்வளவு இருக்கிறது என்பது அளத்துக்காரரின் லாப நஷ்டத்தை நிர்ணயிக்கிற விஷயம். அந்த லாபத்தில், கண் கூசும் வெண்மைக்கும் காலை அரிக்கும் உப்புநீருக்கும் நடுவே நாள் முழுதும் நின்று உப்பை வாரிக் குவிக்கும் ஆண் பெண்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்காமல் உப்பைப் பற்றி எழுதுவது நமக்கு உவப்பாயில்லை.

இச்சிவப்பு உயிர்களுக்கு இன்னும் ஒரு வித்தை தெரியும். பச்சையம் என்பது கிடையாது. ஆயினும் சூரிய ஒளியிலிருந்து நேரே சக்தி பெறுகின்றன. அதற்குரிய ஊதாநிறப் பொருள் இவற்றின் தோலில் இருப்பதை 1971இல் ஆஸ்டர்ஹெல்ட், ஸ்டோக்கேனியுஸ் என்னும் இருவர் வெளியிட்டனர். ஆராய்ந்து பார்த்தால், நமது விழித்திரையில் ஒளியை வாங்கும் பொருளுக்கு அது பங்காளி! இரண்டிலும் இருப்பது வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினால். சிவந்த பாத்தியை நாம் பார்க்கிறோம். ஒருவகையில் அதுவும் தன் ரெட்டினாலால் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

சரி, பாத்தியில் இருந்தது கருவாட்டுக்கு எப்படி வந்தது? உப்பு மணி உருவாகும்போது அதன் வயிற்றுக்குள்ளே சிறு சிறு அறைகளில் பாத்திநீர் அகப்பட்டுக்கொள்கிறது. அந்த அறைகளில் இவ்வுயிர்கள் சிறைப்பட்டு, மடியாமல், நெடுங்காலம் காத்திருக்கும். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரணியத்தில் அள்ளிய உப்பிலும் இவை இருந்திருக்கத்தான் வேண்டும். போலீஸார் தொண்டர்களின் கைப்பிடியை முறுக்கிப் பறித்த உப்பில் இத்தனை கோடிச் சத்தியாக்கிரகிகள் ஒளிந்திருந்ததை எந்த வாரண்டும் குறிப்பிடவில்லை.

உணவோடு இவை நம் வயிற்றுக்குள் போவதால் கெடுதல் இல்லை. நம் உடலின் உப்பு அவற்றுக்கு நல்ல தண்ணீருக்குச் சமானம். உள்ளே போனவுடன் வெடித்து மடியும். ஆனால் உப்பில் ஊறிய மீன் வேறு. அங்கே உப்பு நிறைய, புரதம் நிறைய, ஈரமும் உண்டு. பங்குனிச் சூடும் சேர்ந்துவிட்டால் கேட்க வேண்டியதில்லை. மற்ற நுண்ணுயிர்களையெல்லாம் உப்பு விரட்டிவிட்டபடியால் போட்டிக்கும் ஆளில்லை. தசையைக் கரைத்துத் தின்று பெருகி, மேலே சிவப்புப் பூச்சாய்ப் படர்ந்து, நாற்றம் கிளப்புகின்றன. அளத்திலிருந்து அப்போதுதான் வாரிய ஈர உப்பில் இவற்றின் தொகை மிகுதி. அந்த உப்பைத்தான் நாம் இன்னும் தாராளமாகப் போடும்படி ஆச்சிக்கு உபதேசித்தோம். தீயை அணைக்க எண்ணெய் வார்க்கச் சொன்ன சாமர்த்தியம் நம்முடையது.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிச் சென்று, நம் தவற்றைச் சொல்லி, செய்ய வேண்டியதையும் சொன்னோம். தொட்டி, கூடை, பலகை, பாய் எல்லாவற்றையும் கடல்நீரால் அலசாமல் நல்ல தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட வேண்டும்.  ஒரு முறை மீனுக்கு இட்ட உப்பை மறு மீனுக்கு இடலாகாது. புது ஈர உப்பு மலிவென்று வாங்காமல், சில மாதம் குவித்துவைத்து உலர்ந்த பழைய உப்பை வாங்க வேண்டும். நாள் செல்லச் செல்ல அதிலுள்ள கிருமித் தொகை குறையும். மீனை அரைகுறை ஈரத்தோடு கட்டி வைக்கலாகாது. நன்றாக உலர்ந்த கருவாட்டில் இவை பெருகா. வைக்கும் இடம் குளிர்ச்சியாயிருந்தால் விசேஷம். லேசாக முகம் காட்டும் சிவப்பைக் கழுவித் துடைத்து மறுபடி உலர்த்தலாம். தசை நெகிழ்ந்து நாற்றம் வந்துவிட்டால் கொட்டுவதே வழி. அந்நிலையில் வேறு கெடுதலும் சேர்ந்திருக்கும்.

ஆச்சி யாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முற்றத்தில் காலிக் குடங்கள் ஐந்தாறு வரிசையாக நின்றன. லாரித் தண்ணீருக்காகக் காத்திருந்தவை.

“அப்போ இந்தச் சீக்குக்கு மருந்து நல்ல தண்ணிதானா, ஐயா?”

“ஆமாம், ஆச்சி. நல்ல தண்ணீர் பட்டால் செத்துப்போகும்.”

அவர் குடங்களைப் பார்த்தார், நம்மையும் பார்த்தார்.

“அப்படின்னா தூத்துக்குடியில அதுக்கு ஆயுசு கெட்டிதான்” என்றார்.

ஆயினும் மூன்று குடம் விலைக்கு வாங்கித் தொட்டியைக் கழுவினார் என்று பிறகு அறிந்தோம். சித்திரை பிறந்து பத்து நாளைக்குப்பின் கூடை மறுபடி நம் திண்ணைக்கு வந்தது. கட்டாக் கருவாட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். “என்னய்யா, பரீட்சைப் பேப்பரா திருத்துறீங்க? வாங்குறதுன்னா வாங்குங்க” என்றார் ஆச்சி. அரைக் கிலோ வாங்கினோம். விலை முன்னைவிடச் சற்று அதிகம். தண்ணீர்க் காசு.